பதினேழாம் பக்கம்

ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு
அழகாபுரத்து மாடியறையில்
ஒரு 'கொ' உடைந்தது.
கொம்பு மேல்வரியின் கடைசியில் நின்றுவிட்டது.
ககரமும் காலும் கீழே இறங்கிப் போயின.
இடையில் ஒரு புள்ளிவட்டம்,
ஆள் எழுந்துபோன நாற்காலி மாதிரி.

லேப்டாப்பில் சரியாகத்தான் இருந்தது.
என் போனிலும் சரி.
மாதேஸ்வரியின் பழைய போனில் மட்டும்
பதினேழாம் பக்கம், நாலாம் வரி.
"அவ்வளவு பழசை யார் வச்சிருக்கா" என்றேன்.
"நான் வச்சிருக்கேன்" என்றாள்.

'கொண்டை ஊசி' எங்கள் பத்திரிகை.
காகிதம் கிடையாது. மாதம் நாற்பது ரூபாய்.
சந்தா கட்டியவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர்.
மஸ்கட்காரர் ஐபேடில் திறந்தால்
கவிதையைச் சுற்றிப் பொட்டல் காடு.
கொண்டலாம்பட்டித் தறிக்காரர் திறந்தால்
அதே கவிதை
விரிசல் விழுந்த ஐந்து அங்குலத்துக்குள்
முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்கிறது.
கிண்டிலுக்கு வண்ணமே தெரியாது.
ஒரே சட்டையை
இருநூற்றுப் பதினொரு உடம்புக்குத் தைக்கிறேன்,
ஒருவர் அளவும் கையில் இல்லாமல்.

ஆப் வழியாக விற்றால் முப்பது சதம் கடைக்கு.
மிச்சம் இருபத்தெட்டு.
"ஒரு தட்டுவடை செட் வரும்,
நொறுக்கல் வராது" என்பாள்
கணக்குப் பார்க்கிற மாதேஸ்வரி.

ஏற்காட்டிலிருந்து பெனடிக்டா டீச்சர் எழுதினார்:
'முப்பத்தொரு எம்பி. மழை நாளில்
உங்கள் பத்திரிகை மலை ஏறுவதில்லை.
நாகலூர் வளைவில் குடை பிடித்து நின்றேன்,
அறுபது சதத்தில் நின்றுவிட்டது.'
படங்களைப் பிழிந்தேன். நாலு எம்பி.
மறுநாள் பதில்:
'வந்து சேர்ந்தது. நன்றி.
மிளகுக்கொடி என்று போட்டிருக்கிறீர்கள்,
எனக்குக் கொய்யாமரம் தெரிகிறது.'

எட்டாம் நாள்
டெலிகிராம் குழு ஒன்றில் இலவசமாகக் கிடந்தோம்.
ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர்.
வாங்கியவர் எண்ணை ஒவ்வொரு பிரதியிலும்
அடியில் சாம்பல் நிறத்தில் அச்சிட்டிருந்தேன்.
"எவன்னு பாரு" என்றாள் மாதேஸ்வரி,
அடுப்பில் பால் பொங்குவதைக்கூடப் பார்க்காமல்.

திறந்தேன்.
எண் இருந்த இடம் நறுக்கியிருந்தது.
எழுத்து ஒரு சுற்றுப் பெரிதாகியிருந்தது.
ஓரங்களைச் சீவி
வரிகளுக்கு மூச்சு விட்டிருந்தான்.
மிளகு மிளகாக இருந்தது.
நாலே எம்பிதான், எப்படி என்று தெரியவில்லை.
பதினேழாம் பக்கத்துக்குப் போனேன்.

'கொ' முழுதாக இருந்தது.

திருடனைத் திட்டும் வார்த்தைகளை
வரிசையில் நிறுத்தி வைத்திருந்தேன்.
ஒன்றும் முன்னால் வரவில்லை.
எந்த ராத்திரி, எந்த மேசை,
எத்தனை போனில் திறந்து பார்த்திருப்பான்,
காலணா யாரும் தராமல்.

"கண்டுபிடிச்சியா?"
"எண்ணை வெட்டிட்டான்" என்றேன்.
அதுவரைக்கும் சொன்னேன்.

அடுத்த இதழுக்கு
அவன் ஓரத்தை அளந்து எடுத்துக்கொண்டேன்.
நாலு சதம், இரு பக்கமும்.
அவன் வரியிடைவெளியையும்.
மஸ்கட்காரர் முதல்முறையாக நன்றாக இருக்கிறது என்றார்.
நாகலூர் வளைவில் ஒரு பத்திரிகை
மழையோடு மலை ஏறியது.
யார் யாரிடம் திருடினார்கள் என்ற கணக்கு
மாதேஸ்வரியின் நோட்டில் ஏறவில்லை.

இன்று காலை ஒரு புதுச் சந்தா.
பட்டியலில் இல்லாத எண்.
பெயர் செங்கோடன். ஊர் செவ்வாய்ப்பேட்டை.
நாற்பது ரூபாயோடு ஒரு குறிப்பு:
'பக்கம் ஒன்பது. இரண்டாம் வரி.'

என் போனில் பார்த்தேன், ஒன்றுமில்லை.
மாதேஸ்வரியின் போனை வாங்கித் திறந்தேன்.
இருந்தது,
ஆள் எழுந்துபோன நாற்காலி.

"யாரு இந்த ஆளு, தெரிஞ்சவரா?"

"சந்தாதாரர்" என்றேன்.