குறியீடு இல்லாத ஓட்டம்

ஜனவரியில் சுண்டுவிரல் முறிந்தது.
கையுறையைக் கழற்றிவிட்டு
ஸ்கோர் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.
ஈசூன் மைதானம், கம்பி வேலி,
வேலிக்கு அப்பால் தூண்கள் மேல் எம்ஆர்டி
ஐந்து நிமிடத்துக்கு ஒன்று
எங்களைப் பார்க்காமல் போகும்.

பதினேழுக்குப் பூஜ்யம்.
பதினான்குக்கு ஒன்று.
மூன்றாம் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள்.
அதற்குக் கருணை விதி என்று பெயர்.
கருணைக்குப் பிறகு வரிசையில் நின்று
கை குலுக்க வேண்டும்.
"குட் கேம்" என்பார்கள் எதிரணிப் பெண்கள்,
காலையில் போட்ட ஷாம்பூ வாசனை
இன்னும் கலையாத தலையோடு.

லோஷினி எங்கள் கேட்சர்.
கால் காப்பின் கொக்கி போய்
சிவப்பு ராஃபியா கயிற்றால் கட்டியிருப்பாள்.
சாஃப்ட்பாலில் மற்ற எட்டுப் பேரும்
மட்டையைப் பார்த்து நிற்க,
அவள் ஒருத்திதான் எதிர்ப்பக்கம் பார்த்துக் குந்துவாள்.
தோற்கிற எட்டு முகங்களும்
முழுசாய்த் தெரிகிற இடம் அது.

பேஸ்கள் காலியாக இருந்து
(எங்களுக்கு அது அபூர்வம்)
பந்து தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப்பிடம் போனால்
லோஷினி எழுந்து ஓடுவாள்,
முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு
ஃபர்ஸ்ட் பேஸுக்குப் பின்னால் வரை,
எறியும் பந்து தவறிப் போய்விட்டால் என்று.
போகாது.
ஹுவே ஷின் பிடித்துவிடுவாள்,
இல்லை, பந்துக்கு முன்பே ஓட்டக்காரி வந்திருப்பாள்.
லோஷினி திரும்பி நடப்பாள்.
முகமூடியைப் பொறுக்கித்
தொடையில் தட்டி, மறுபடி குந்துவாள்.

ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து ஃபர்ஸ்டுக்கு என்றால்
ஆறு, ஒரு கோடு, மூன்று.
கேட்சருக்கு எண் இரண்டு.
இரண்டு ஓடியதை எழுதக் கட்டம் இல்லை.
கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில்,
பென்சிலால் ஒரு புள்ளி வைக்கத் தொடங்கினேன்.

"ஏன்டி ஓடுறே?" என்று ஒருநாள் கேட்டேன்.
மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழல
கேண்டீன் கூரைக்கடியில் ஒதுங்கியிருந்தோம்.
மைலோவை அடிவரை உறிஞ்சி
பாக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கி
"சும்மா உக்காந்திருந்தா கால் மரத்துப் போவுது" என்றாள்.
அவ்வளவுதான். ராஃபியாவை அவிழ்த்து
இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

மார்ச்சில் இருவர் நின்றுவிட்டார்கள்.
ஒருத்திக்குத் துணைப்பாட வகுப்பு.
இன்னொருத்தி காரணம் சொல்லவில்லை.
மிச்சம் ஒன்பது பேர்,
அப்புறம் கூடியும் கூடாத என் விரல்.

கடைசி ஆட்டம். பதினொன்றுக்கு மூன்று.
உட்லண்ட்ஸ் பக்கமிருந்து மேகம் கறுத்து வந்தது.
ஜெர்மேன் பந்தை எடுத்து எறிந்தாள்,
ரயிலை அடிக்கப் போகிறவள் மாதிரி.
ஹுவே ஷின் எம்பினாள். எட்டவில்லை.
ஓட்டக்காரி சிரித்தபடியே
செகண்ட் பேஸுக்குத் திரும்பினாள்.
அவளுக்குத் தெரியாது,
வேலியோரம்
அறுபத்திரண்டாம் முறையாக
ஒருத்தி வந்து நிற்கிறாள் என்று.

எடுத்தாள். எறிந்தாள்.
செகண்டில் அதீக்காவே நம்பவில்லை,
கையுறையைத் திறந்து பார்த்தாள்;
அதற்குள் ஓட்டக்காரி சறுக்கி வந்து
அதில் மோதிக்கொண்டாள்.

பிழை, ஆறு.
பிறகு இரண்டு, ஒரு கோடு, நான்கு.
பென்சில் முனை ஒடியுமளவு அழுத்தி எழுதினேன்.
அடுத்து வந்தவள் வேலிக்கு மேலே அடித்தாள்.
பன்னிரண்டு.

கோ சார் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.
"ஓரமெல்லாம் என்ன இது, புள்ளி புள்ளியா?"
"மழை சார்" என்றேன்.
நிஜமாகவே தூறத் தொடங்கியிருந்தது.

பெஞ்சில் லோஷினி
நனைந்து இறுகிய முடிச்சைப்
பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.
கத்தரிக்கோல் கொண்டு வரட்டுமா என்றேன்.
வாயில் கயிறோடு தலையாட்டினாள், வேண்டாமென்று.
"அடுத்த வருஷத்துக்கு வேணும்."