மூன்றாம் எண் கூண்டு

மஞ்சக்குப்பம் மைதானத்து ஓரம்
தட்டுவண்டிக்காரரிடம்
நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கிய பிகோனியா
பத்தொன்பதாம் நாள் செத்தது.

தாகத்தால் இல்லை.

காலை ஏழு மணிக்கு
முதுநகர் ஐஸ் ஃபேக்டரியில்
ராக்கணக்கு முடித்து வந்து
ஒரு சொம்பு நான் ஊற்றினேன்.
எட்டேகாலுக்கு
பத்திர ஆபீசுக்குக் கிளம்புமுன்
ஒரு சொம்பு அரசி ஊற்றினாள்.
அப்போது நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை;
எழுதினால்
இரண்டு பேருக்கும் அது சின்னதாகத் தெரிந்துவிடும்.

தண்டு
வெந்த வெண்டைக்காயாய் வழுக்கியது.
தொட்டியைக் கவிழ்த்தேன்.
மண் உதிரவில்லை,
அச்சில் வார்த்ததுபோல் முழுசாக வந்தது.
வேர் இருந்த இடத்தில்
பழுப்பு நூல், சாக்கடை வாடை.
அடியில் ஓட்டை இருந்தது.
ஓட்டைக்குக் கீழே தட்டு.
வடிந்ததையெல்லாம்
தரை கெடாமல்
அதிலேயே தேக்கிவைத்திருந்தோம்.

கட்டில் மேல் கட்டில் போட்டு
வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது.
கெடிலம் ஏறினால்
எத்தனை படி மிச்சம் என்று
தூக்கத்திலும் சொல்வோம்.
ஒரு சாண் தொட்டிக்குள் ஏறியது தெரியவில்லை.

இரண்டாவது செடியை
அவள்தான் கொண்டுவந்து வைத்தாள்,
எதுவும் சொல்லாமல்.
மண்ணை நான் கலந்தேன்,
எதுவும் கேட்காமல்.
கேப்பர் மலைச் செம்மண் ஒரு பங்கு.
மூன்று முறை அலசி உப்பைப் போக்கிய
தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு.
மக்கிய இலை ஒரு பங்கு.
உமிக்கரி, கை போன போக்கில்.
பிடித்தால் உருண்டையாக வேண்டும்,
விரலால் தட்டினால் உதிர வேண்டும்.
அந்தப் பதத்துக்கு
அரை ஞாயிற்றுக்கிழமை போனது.

எங்கள் போர் தண்ணீரில் பருப்பே வேகாது;
இலை ஓரம் தீய்ந்துபோகும்.
ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு
யாரோ ஒரு பெயிண்ட் வாளி வைத்திருந்தார்கள்.
யாரோ என்றால்
இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

பிறகு அந்த குல்ஃபிக் குச்சி.
இரண்டு விரற்கடை இறக்கி எடுத்து
மண் ஒட்டியிருந்தால் சொம்பைத் தொடக் கூடாது.
சுத்தமாக வந்தால் ஊற்றலாம்,
இலையில் படாமல், ஓரமாய், மெதுவாய்.
ஊற்றிய நாளில்
குச்சி தொட்டி விளிம்பில் படுத்திருக்கும்.
ஊற்றாத நாளில் மண்ணில் நிற்கும்.
யாரும் இயற்றாத சட்டம்.
ஒரு திங்கட்கிழமை படுத்திருந்தது,
நான் சொம்பைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான்.
ஒருநாள் குச்சியில் பென்சில் கோடு, அவள் போட்ட அளவு.
அதற்குச் சற்று மேலே
நான் ஒரு கோடு போட்டேன்.
மறுநாள் என் கோடு மட்டும் அழிந்திருந்தது.

கார்த்திகை பிறந்து நாலாம் நாள்
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு?
ராவேலை ரத்து.
ஆறு மணிக்கே கரண்ட் போனது.
சாரல் பால்கனியில் குறுக்காக அடித்தது.
தொட்டியைத் தூக்க நான் போனேன்,
அவளும் வந்தாள்.
ஆளுக்கொரு பக்கம் விளிம்பைப் பிடித்து,
நிலைப்படியில் முழங்கை இடித்து,
அடுப்பு மேடையில் வைத்தோம்.
செல்போன் வெளிச்சத்தில்
ஒவ்வோர் இலையாகத்
துப்பட்டா நுனியால் ஒற்றினாள்.
பூ இல்லை.
பட்டாணியில் பாதி அளவுக்கு ஒரு மொட்டு.

"குச்சி எங்கே?" என்றாள்.

ஐம்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டிருந்தேன்.
"பறந்திருக்கும்" என்றேன்.
குரல் பழகாமல் கரகரத்தது.

ஆள்காட்டி விரலை மண்ணில் இறக்கி
எடுத்து
என் பக்கம் நீட்டினாள்.
ஒட்டியிருந்ததா இல்லையா,
அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை.

"வேண்டாம்" என்றேன்,
"நாளைக்குப் பார்க்கலாம்."