வெள்ளைப் பொடி

இருபத்துநான்கு வயதில் வினிஃப்ரெட் ஓல்டகர்
டொலீடோ நகரக் கொட்டகையில்
நாற்பது வயதுக் குடிகாரனுக்குத் தாயானாள்.
தாய்வேடக்காரிக்குக் காய்ச்சல்; மாற்று ஆள் இல்லை.
மைதா மாவைத் தலையில் கொட்டிக்கொண்டு
இருமினாள். கூட்டம் அழுதது.
அவ்வளவுதான், முடிந்தது அவள் இளமை.

ரயில், ஈரப் படுக்கை, இரண்டு காட்சி, ரயில்.
கணக்கு நோட்டில் அவள் எழுதியது:
"ஓமாஹா. மூன்றாம் அங்கத்தில் சாவு. ஆறு டாலர்.
சாவுக்குத் தனிப்படி கேட்டேன், சிரித்தார்கள்."

பிறகு படம் வந்தது. பேசாத படம்.
விடுதிக்காரி, சலவைக்காரி, நீதிபதியின் அக்கா,
ஜன்னலை அறைந்து சாத்தும் ஒருத்தி.
பெயர்ப் பட்டியலில் ஒரே ஒருமுறை வந்தாள்,
எழுத்துப் பிழையோடு.

நான் ஒப்பனைக்காரன். பத்தொன்பது வருடம்
அந்த முகத்தில் சுருக்கம் வரைந்தவன்.
ஒருநாள் பென்சிலை எடுத்தால்
நான் போடும் கோடுகளையெல்லாம்
யாரோ முன்பே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.
"இன்றைக்கு உனக்கு லீவு" என்றாள்.
இயக்குநர் விளக்கடியில் நிறுத்திப் பார்த்துவிட்டு
"கிழவி மாதிரி இல்லையே" என்றார்.
சுருக்கத்தின் மேல் சுருக்கம் வரைந்தேன்.
அடக்கமாட்டாமல் சிரித்துத் தொலைத்தாள்,
கோடு கலைந்தது.

பேசும் படம் வந்த வருடம் போய்ச் சேர்ந்தாள்.
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால்
சவச்சாலைக்காரன் கன்னத்தில் சிவப்பு தடவி
முடியைக் கறுப்பாக்கி வைத்திருக்கிறான்.
முப்பது சொல்லலாம்.
என் பையில் பொடி டப்பா இருந்தது.
கையை வைத்தேன். எடுக்கவில்லை.
ஒரு தடவையாவது நடிக்கட்டுமே.