நான்காம் பிரதி

லண்டன் நடிகர் சங்கம் எங்கள் நாட்டுக்கு
எதையும் விற்காதே என்று சொல்லிவிட்டது.
வெள்ளையாட்சியை எதிர்த்து. நியாயம்தான்.
நாங்களும் கை தட்டினோம்.
ஆனாலும் எண்பத்தாறாம் வருஷக் குளிரில்
சாட்ஸ்வர்த், வெஸ்ட்கிளிஃப் மேட்டு வீட்டுக்கு
பூபாலன் ஒரு வீடியோ கேசட் கொண்டுவந்தான்,
குழந்தைத் துணியில் சுற்றி.

லீட்ஸில் படிக்கும் மச்சான் பதிந்தது.
அதிலிருந்து லெனேசியாவில் ஒன்று,
அதிலிருந்து மாரிட்ஸ்பர்க்கில் ஒன்று,
அதிலிருந்து இது.
தலைக்கு இரண்டு ராண்ட். டீ தனி.

"புதுவகைக் காமெடி. அரசாங்கத்தையே கிழிக்கிறானுங்க."
கிழிப்பதைப் பார்க்கப் பதினான்கு பேர்.
ஷூ ஃபேக்டரியிலிருந்து நேராக வந்த கோகிலாம்பாள்,
ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாதென்று
ஐந்து வருஷம் தடையில் இருந்து
அந்த மாதம்தான் வெளிவந்த சதாசிவன்.
திரைச்சீலையை இழுத்துவிட்டோம்.

ஓர் அழுக்கு அறை. நான்கு பையன்கள்.
முகமெல்லாம் ஆரஞ்சு,
உதடு மட்டும் முகத்தைவிட்டு விரற்கடை தள்ளி.
ஒருவன் கத்தினான்.
மற்றவன் வாணலியால் அவன் மண்டையில் அடித்தான்.
பிறகு இவன் கத்தினான்.
பெட்டிக்குள் ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.
வெளியே நாங்கள்
யார் முதலில் என்று
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் பகுதியில் படம் உருள ஆரம்பித்தது.
பூபாலன் எழுந்து பெட்டியின் கன்னத்தில் அறைந்தான்.
படம் நின்றது, ஒருவன் தலைகீழாக.
அதற்குத்தான் சிரித்தோம்,
கோகிலாம்பாளுக்குப் புரையேறும் வரை.

விளக்கைப் போட்டதும் சதாசிவன் சொன்னார்:
"இதையா தடுத்தானுங்க?
என்னைத் தடுத்ததுக்காவது ஒரு காரணம் இருந்தது."

பூபாலன் விடவில்லை.
பிரதி எடுக்க எடுக்க நகைச்சுவை தேய்ந்துவிடுமாம்,
துவைக்கத் துவைக்கச் சாயம் போகிற மாதிரி.
ஒரிஜினலில் வயிறு வலிக்குமாம்.
காசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
மறுநாள் ஃபேக்டரியில் கேட்டவர்களிடம்
கோகிலாம்பாள் சொன்னாளாம், பிரமாதம் என்று.
அடுத்த சனிக்கிழமை அங்கே இருபத்திரண்டு பேர்.

போன மாதம் டர்பன் பழைய சாமான் கடையில்
அதே தொடர், தகடு, பத்து ராண்ட்.
சுவரில் ஒட்டிய நூடுல்ஸ் தெரிகிறது.
உதடு முகத்திலேயே இருக்கிறது.
படம் உருண்ட இடத்தில், அப்போது கேட்காமல் போன
ஒரு முழு வசனம் இருந்தது.
கவனமாகக் கேட்டேன்.
இரண்டு முறை.

பூபாலனுக்குப் போன் செய்தேன்.
இன்ஷூரன்ஸ் விற்கிறான், இடுப்பு மாற்றியிருக்கிறது.
"ஒரிஜினல் பார்த்தேன்டா" என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.

"தகடா?" என்றான்.
"அதுவும் பிரதிதான்."