வட்டார விபரக்கோவை: திருத்தப்படாத பிரதி

முதல் கட்டம், பரப்பளவு.
போன வருஷத்து எண்ணையே போடுங்கோ என்றார் பிரதம லிகிதர்.
நான் போடவில்லை.
காக்கைத்தீவுக் கரையில் மூன்று தென்னைகளைக் கடல் எடுத்திருந்தது.
நகரத்தின் மறுபக்கத்தில்
கடலை நிரப்பி யாரோ வீதி போட்டுக்கொண்டிருந்தார்கள்.
கூட்டுவதா கழிப்பதா?
பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நடந்தேன்.

மேற்கே கடல்.
வடக்கே களனி கங்கை, மழை நாளில் தேத்தண்ணீர் நிறம்.
கிழக்கே குப்பை லொறிகள் திரும்பும் முடக்கு.
தெற்கெல்லைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
கருவாட்டு வாசம் எந்த இடத்தில் டீசல் வாசமாகிறதோ
அந்த இடம்.

விவசாயம் உண்டா, என்கிறது படிவம்.
கொழும்பிலயா என்று கந்தோரில் சிரித்தவர்கள்
மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரித்து
கங்குன் சுண்டல் குறைவு என்று சண்டை பிடித்தார்கள்.

உண்டு. கால் ஏக்கர், உறுதி இல்லாத சதுப்பு.
மரிய கொரெட்டி பாத்தி பிரித்திருக்கிறாள்:
கங்குன், பொன்னாங்காணி, ஓரமாய்க் கொஞ்சம் வல்லாரை.
விடிய மூன்று மணிக்கு, இடுப்பளவு தண்ணீரில், நெற்றி விளக்கோடு அறுப்பு.
ஐந்து மணிக்கு த்ரீவீலரில் கட்டுகளின் மேல் அவள்,
அவள் மேலும் கொஞ்சம் கட்டுகள்.

அகழ்வுத் தொழில் உண்டா?
இல்லையென்று கோடு கீறப் போனேன்.
"இருக்கே மிஸ்" என்று அவள் புருஷன் எட்வின்
ஆற்றைக் காட்டினான்.

மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குகிற சுரங்கம்.
மூங்கிலைப் பிடித்து அடிக்குப் போய்
காலால் வாளியை மணலில் அமுக்கி
கயிற்றை இரண்டு தரம் சுண்டினால்
மேலே தோணியில் துவான் ரிஸ்லி இழுப்பான்.
ஒரு தோணி நிறைய நூற்றிருபது முழுக்கு.
இடது காது போய்விட்டது.
"நல்ல காதுப் பக்கம் வாங்க" என்று
கதிரையைத் தூக்கி வலப்பக்கம் போட்டான்.

முந்தி பத்தடியில் கால் தட்டுமாம்.
இப்போது மூங்கிலோடு மூங்கில் கட்ட வேண்டும்.

கொரெட்டி ஒரு கங்குன் தண்டை ஒடித்து நீட்டினாள்.
"சப்பிப் பாருங்க."
கரித்தது.

மழை இல்லாத மாசியில்
அவன் தோண்டிய பள்ளங்களில் இறங்கி இறங்கி
கடல் ஆற்றுக்குள் நடந்து வருகிறது.
வந்து அவள் பாத்தியில் ஏறுகிறது.
இலை நுனி முதலில் பழுக்கும்.
பிறகு ஒரு கிழமை போதும்.

"இவர் கொண்டாற காசிலதான் தண்டு வாங்கி நடுறன்.
சாகடிக்கிறதும் இவர்தான்."
ஏசுகிற குரல் இல்லை.
சூடை மீன் இன்றைக்கு என்ன விலை என்று சொல்கிற குரல்.
எட்வினுக்கு அது இடது காதுப் பக்கம்.
ப்ளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தான்,
ஆறிப்போன ப்ளேன்டீயை.

குடும்பத்தின் பிரதான தொழில்: ஒரேயொரு கட்டம்.
பேனை அதன் மேல் நின்றது.
அந்த இடைவெளியில் அவன் கேட்டான்,
"மிஸ் எங்க இருக்கிற?"
வெள்ளவத்தையில், ப்ளட்டில், ஐந்தாம் மாடி.
"கட்டி எத்தன வருஷம்?"
ஒன்பது.
விரல் விட்டு எண்ணினான்.
"அப்ப நம்மட மணல்தான்" என்றான்,
வெகுநாள் காணாத சொந்தக்காரரைக்
கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்.
எழும்பும்போது இரண்டு கட்டுக் கீரை தந்தாள்.
காசு வாங்கவில்லை. கழுவி வேகவைங்க, உப்பு போடாதீங்க என்றாள்.

இரவு குளியலறைச் சுவரில்
வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது.
தினமும் துடைக்கிறேன், தினமும் பூக்கிறது,
கட்டினவனைத்தான் இத்தனை நாளும் திட்டிக்கொண்டிருந்தேன்.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

காலையில் கந்தோரில் பிரதி என் மேசையில் இல்லை.
பிரதம லிகிதர் மேசையில் இருந்தது.
பென்சில் புள்ளிக்கு மேல், மையால், வடிவான கையெழுத்தில்
போன வருஷத்து எண்.
தொழில் கட்டத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்.
"இதென்ன பிள்ளை, ஈரம் பட்ட மாதிரி?" என்றார்,
தாளைத் தூக்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி.