இருபத்து நான்காவது மகள்

மே மாதம். காட்பாடியில் நாற்பத்திரண்டு டிகிரி.
ஈஸ்ட்டுக்கு முப்பது போதும்.
சூடேற்றவென்று வாங்கிய பெட்டியை
ஏ.சி. அறைக்குள் தள்ளி வைத்துக்
குளிரக் காத்திருக்கிறோம்.

நுண்ணோக்கியில் கண். கையில்
முடியினும் மெல்லிய கண்ணாடி ஊசி.
மொட்டு முற்றியதும் மகளைப் பிரித்து
ஓரம் தள்ள வேண்டும்.
தாளில் ஒரு கோடு.
ஒன்றரை மணி கழித்து இன்னொரு கோடு.
ஐந்தாவது குறுக்கே, பால் கணக்குப் போல.
இரவில் தட்டை பிரிட்ஜில் வைத்து
அதன் காலத்தை நிறுத்திவிட்டு
சுகிர்தாவும் நானும் தூங்கப் போவோம்.

தாய், மகள் என்பதெல்லாம் பாடப்புத்தகம் வைத்த பெயர்.
பார்க்க வருகிறவர்கள் உடனே உருகிவிடுகிறார்கள்.
நான் உருகுவதில்லை.
எண்ணிக்கை தப்பிவிடும்.

மகள் பிரிந்த இடமெல்லாம் தாய்க்கு
வட்டத் தழும்பு.
தழும்பால் சாவதில்லை அது.
உள்ளே, மரபிழையிலிருந்து துண்டாகித்
தன் வாலைத் தானே கவ்விய வளையங்கள்
தம்மையே படியெடுத்துப் பெருகுகின்றன.
மடிப்புக் குலைந்த புரதம் கட்டிதட்டுகிறது.
அமிலப் பை புளிப்பை இழக்கிறது.
எதையும் கழுத்து தாண்ட விடுவதில்லை.
மகள் வெறுங்கையோடு போகிறாள்
பூஜ்யத்திலிருந்து தொடங்க.

தட்டு ஏழு, செல் பதினொன்று.
இருபத்து மூன்று வரை ஒழுங்கு.
அடுத்ததற்கு மூன்று மணி நேரம்;
நடுவில் கரண்ட் போய் வந்தது.
தாயளவே பெரிதாய் ஒரு மகள்.
ஊசிக்கு லேசில் வரவில்லை.
வழக்கப்படி ஒதுக்கிவிட வேண்டியது.
இதை மட்டும் தனிக் கட்டத்தில் விட்டு
எண்ணினேன்.
ஆறு மொட்டு. நின்றுவிட்டது.

காவல் எந்த மணிக்குத் தளர்ந்ததோ.
நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தாளின் ஓரத்தில்
"கிழவியாகவே பிறந்தது" என்றெழுதி,
அடித்துவிட்டு,
"ஆயுள்: 6" என்று எழுதினேன்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பன்.
அடுப்பில் வெந்த கோடிகளில்
பாதி அப்போதுதான் பிறந்தவை.
மீதியில் பாதிக்கு ஒரே தழும்பு.
இப்படியே பாதி பாதியாய்ப் போனால்
இருபத்து நான்கு தழும்போடு
மூன்று கோடியில் ஒன்று இருக்கலாம்,
இந்தக் கடியிலேயே இருக்கலாம்.

நாக்குக்குத் தெரியவில்லை.
மிச்சத்தை டீயில் நனைத்தேன்.