பழைய முகவரி

பிராண்டனில் முதல் பனி விழுந்த வாரம்
வீடு மாறினோம், நானும் மகள் செம்ஹாரும்.
இரண்டு பெட்டி, ஒரு மெத்தை, காப்பிக் கொட்டை வறுக்கும் சட்டி.
புது முகவரியைப் பள்ளிக்குச் சொன்னேன், வங்கிக்குச் சொன்னேன்,
நான் தின்னாத பன்றியை நாளெல்லாம் வெட்டும்
தொழிற்சாலையின் சம்பளப் பிரிவுக்கும் சொன்னேன்.
அரசாங்கத்துக்கும் சொன்னேன்.
அதன் காதில் விழுந்ததா என்று
யாரிடம் போய்க் கேட்பது?

எட்டு வாரம்.
தெருமுனையில் புறாக்கூண்டு மாதிரி தபால் பெட்டிகள்.
எங்களுடையது பதினேழு.
சாவித்துளை உறைந்து கிடக்கும், வாய் வைத்து ஊதுவேன்.
உள்ளே பீட்சா விளம்பரம்.
ஒருநாள், முன்பு குடியிருந்த டெரிக் என்பவருக்கு
கண் மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம்.
குப்பையில் போடக் கை வரவில்லை.
ஒருவருடைய காகிதம் என்றால் என்னவென்று
எங்களுக்குத் தெரியும்.

வேலையில் எனக்கு அடுத்த கத்தி ஷியோமாரா, ஹொண்டுராஸ்காரி.
தன் அட்டை சோளமாவு டப்பாவுக்குள் இருக்கிறதாம்.
"திருடன் வந்தால் ரொட்டியா சுடப்போகிறான்?"
ரொடேலியோ கழுத்தில் கட்டிக்கொண்டே தூங்குகிறான் என்று
எல்லாரும் கேலி செய்தார்கள்.
அவன் மறுக்கவில்லை.

ஒரு ஞாயிறு, மைனஸ் முப்பத்திரண்டு.
கதவு தட்டும் சத்தம்.
என் உடம்பு இன்னும் திருந்தவில்லை,
சத்தம் கேட்டால் முதலில் பின்கதவைத்தான் பார்க்கும்.

வாசலில் ஒரு நெட்டை மனிதன், மீசையெல்லாம் பனி.
கோட்டைத் திறந்து, ஸ்வெட்டரைத் தூக்கி,
பனியனுக்கும் வயிற்றுக்கும் நடுவிலிருந்து
ஓர் உறையை உருவினான். சூடாக இருந்தது.
"ஓஸ்தாப். உங்க பழைய வீட்டில் இப்போ நான்."
லெத்தெபிரகான் என்ற என் பெயரை
மூன்று துண்டாக உடைத்துச் சொன்னான்,
ஒரு துண்டும் சிந்தவில்லை.
கடையில், தேவாலயத்தில், பேருந்து ஓட்டுநரிடம்
மூன்று ஞாயிறு விசாரித்திருக்கிறான்.
தானும் இப்படி ஒன்றுக்குக் காத்திருப்பதால்
தொட்டதுமே தெரிந்துவிட்டதாம்.
"மடிச்சுப் பார்த்தேன், மடங்கலை," என்றான் வெட்கத்தோடு.

காகிதத்தில் பசை போட்டு ஒட்டியிருந்தது அட்டை.
பிய்க்கப் பயம்.
கரண்டிக் காம்பால் அவன்தான் நெம்பினான்.
செம்ஹார் எட்டிப் பார்த்தாள்: "அம்மா, யார்மேல கோபம்?"
சிரிக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, கண்ணு.

ஓஸ்தாப் அதை விளிம்பில் பிடித்து
முன்னும் பின்னும் பார்த்தான், விளக்கில் சாய்த்துப் பார்த்தான்.
காலாவதித் தேதியில் விரல் நின்றது.
"நிரந்தரம்," என்றான். "ஐந்து வருஷம்."
"பால் ஆறு நாள்தான் தாங்குது," என்றேன்.
எங்களிடம் இருந்த கொஞ்சம் ஆங்கிலம்
அந்தச் சிரிப்புக்குப் போதுமாக இருந்தது.
எங்கள் வழக்கப்படி மூன்று சுற்றுக் காப்பி.
மூன்றாவதில், மனைவி இன்னும் லுட்ஸ்கில்தான் என்றான்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அவன் போனதும் ஒளித்துவைக்கத் தொடங்கினேன்.
வேதப் புத்தகத்தில் சங்கீதங்களுக்கு நடுவே. நழுவி விழும்.
மெத்தைக்கு அடியில். செம்ஹார் குதிப்பாள்.
சட்டிக்குள். ஐயோ, மறந்து அடுப்பேற்றிவிட்டால்?
நள்ளிரவில் ஒரு தடவை இடம் மாற்றினேன்,
விடியுமுன் இன்னொரு தடவை.

புதன்கிழமை காணோம்.

அலமாரியைக் கவிழ்த்தேன். அரிசியைக் கொட்டினேன்.
குப்பைப் பையைக் கிழித்துத்
தேயிலைச் சக்கையில் கைவிட்டுத் துழாவினேன்.
பள்ளி விட்டு வந்த செம்ஹார் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
பொம்மையின் கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள்.
"பொம்மை அஸ்மராவுக்குப் போயிட்டு வந்தது."
அதுக்கு எதுக்குடி இது?
"போறதுக்கு இல்லம்மா," என்றாள், "திரும்பி வர."

அடிக்க ஓங்கிய கை
அவள் தொப்பியிலிருந்த பனியைத் தட்டியது.

இப்போது அது வந்த உறையிலேயே இருக்கிறது,
ஒரு மனிதனின் வயிற்று வளைவு இன்னும் அதில் தெரிகிறது.
எங்கே என்று சொல்லமாட்டேன்.

டெரிக்கின் கடிதம் என் கோட்டுப் பையில்.
வரும் ஞாயிறு தேடிப் போகவேண்டும்.
பாவம், கண் எப்படி இருக்கிறதோ.